எண்பது சதவீதத் தள்ளுபடியும் ஓடிபியும்: பட்டாசு வட்டாரத்தில் கைப்பேசிப் பாதுகாப்பு பற்றிய கருத்துகள்

சிவகாசியில் தீபாவளி வியாபாரம் ஆடிப் பதினெட்டு அன்று பூஜை போட்டுத் தொடங்குகிறது. புது விலைப்பட்டியல் அச்சாகி வரும், பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் போகும். அதையொட்டியே இன்னொரு வியாபாரமும் தொடங்கிவிடுகிறது. பெயர் பெற்ற கடையின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, சிவகாசி முகவரி ஒன்றைப் போட்டு, இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் விளம்பரம் கொடுத்து, பணம் வந்ததும் எண்ணை அணைத்துவிட்டுப் போகிற வியாபாரம் அது. 2024 தீபாவளிக்கு முன்பு தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிக் குற்றப்பிரிவு இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் பணத்தை இழக்கிறார்கள், சிவகாசி பெயரை இழக்கிறது.

கணினிப் பாதுகாப்பு என்றால் மென்பொருளை உடைப்பது, கடவுச்சொல்லைத் திருடுவது என்றுதான் செய்திகளில் வருகிறது. விருதுநகர் மாவட்டத்தில், குறிப்பாகச் சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில், அது பெரும்பாலும் வியாபாரத்தைப் போலி செய்வதாக இருக்கிறது. ஆகவே இங்குள்ளவர்கள் கைப்பேசி பற்றியும் மென்பொருள் பற்றியும் தொழில்நுட்பச் செய்திகள் பற்றியும் அன்றாடம் சொல்லிக்கொள்கிற கருத்துகளை அந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டும். டீக்கடையிலும் அச்சகத்திலும் ஆலை வாசலிலும் கேட்கிற அந்தக் கருத்துகளில் பலவும் அனுபவத்திலிருந்து வந்தவை, பாதிக்கு மேல் சரியானவை. ஏமாந்தவரின் அறியாமையைக் காரணமாகச் சொல்லிக் கைகழுவுவதை நான் ஏற்கவில்லை. சரிபார்க்க வழி கொடுக்காமல் சரிபார்க்கச் சொல்வதில்தான் குறை இருக்கிறது.

முதலில் தள்ளுபடி. போலிப் பட்டாசுத் தளங்களைப் பற்றிய எல்லா எச்சரிக்கைகளிலும் ஒரு வாசகம் தவறாமல் வரும்: நம்ப முடியாத அளவுக்குத் தள்ளுபடி கொடுத்தால் சந்தேகப்படுங்கள். செய்திக்குக் கீழே ஊர்க்காரர்களின் தீர்ப்பும் அதுதான்: "பேராசை பட்டா இப்படித்தான் ஆகும்." ஆனால் சிவகாசியில் முறையாக உரிமம் வாங்கிக் கடை நடத்துகிறவரின் விலைப்பட்டியலை விரித்துப் பாருங்கள். வரிசை எண், சரக்கின் பெயர், பாக்கெட்டா பெட்டியா என்ற அலகு, பட்டியல் விலை, தள்ளுபடி போக விலை என்று கட்டம் கட்டியிருக்கும். குருவி வெடி, லட்சுமி வெடி, தரைச்சக்கரம், பூச்சட்டி, சாட்டை, பத்து சென்டிமீட்டர் கம்பி மத்தாப்பு, பதினைந்து சென்டிமீட்டர் கம்பி மத்தாப்பு என்று பக்கம் பக்கமாக ஓடும். பட்டியல் விலை ஐந்நூறு என்றால் கொடுக்கிற விலை நூறு. தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் எண்பது சதவீதம் தள்ளுபடி என்று இருக்கும். எழுபதிலிருந்து தொண்ணூறு வரைக்கும் இந்தக் கணக்கு ஊரறிந்த வழக்கம். பெட்டியில் அச்சிட்ட விலையை யாரும் கேட்பதில்லை, யாரும் கொடுப்பதுமில்லை. கீழே பேக்கிங் கூலி தனி, லாரி வாடகை வாங்குகிறவர் பொறுப்பு, குறைந்தபட்ச ஆர்டர் இவ்வளவு என்று நிபந்தனைகள் இருக்கும்.

அப்படியானால் எண்பது சதவீதத் தள்ளுபடியைப் பார்த்துப் பணம் அனுப்பியவர் என்ன பேராசைப்பட்டார்? போன வருடம் உண்மையான கடையில் கொடுத்த அதே தள்ளுபடியைத்தான் இந்த வருடம் போலிக் கடையிலும் பார்த்தார். வேறு பொருளுக்கு எச்சரிக்கை மணியாக இருக்கக்கூடிய ஒன்று, பட்டாசு வியாபாரத்தில் வழக்கமான விலை. நாடு முழுமைக்கும் பொதுவாக எழுதப்படுகிற பாதுகாப்பு அறிவுரை ஒரு வட்டாரத்தின் வியாபார வழக்கத்தில் எப்படிச் செல்லாமல் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் பார்த்ததில்லை.

இதற்கு மேல் சட்டத்தின் நிலை ஒன்று இருக்கிறது. 2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சரவெடிக்குத் தடை, பேரியம் உப்புக்குத் தடை, வெடிக்கும் நேரத்துக்கு வரம்பு ஆகியவற்றோடு, ஃபிளிப்கார்ட், அமேசான் உள்ளிட்ட இணைய வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் வாங்கக் கூடாது என்றும் சொன்னது. வெடிபொருளை யார் வீட்டு வாசலுக்கும் அனுப்புவது ஆபத்து என்பது நியாயமான கவலை. ஆனால் வெளியூர்க்காரர் சிவகாசியிலிருந்து சரக்கு எடுப்பது நிற்கவில்லை, அதன் வடிவம்தான் மாறியது. இன்றைக்குப் பட்டாசுத் தளங்களில் கூடையில் பொருளைச் சேர்க்கலாம், தொகையும் தெரியும், கடைசியில் வாங்கு என்ற பொத்தானுக்குப் பதிலாக விசாரணை அனுப்பு என்றிருக்கும். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி இங்கே விற்பனை இல்லை, இருபத்துநான்கு மணி நேரத்தில் உங்களைத் தொடர்புகொள்வோம் என்று குறிப்பும் இருக்கும். பிறகு வாட்ஸ்அப்பில் ஒருவர் வருவார், மதிப்பீட்டுச் சீட்டை அனுப்புவார், கூகுள் பே எண் கொடுப்பார். பணம் போனதும் சரக்கு லாரி ஆபீசில் புக்கிங் ஆகும். ரசீதைக் காட்டி உங்கள் ஊர் லாரி ஆபீசில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நேர்மையான கடைக்காரர் செய்வது இது. மோசடிக்காரர் செய்வதும் லாரி புக்கிங் வரைக்கும் இதேதான். பெரிய வணிகத் தளத்தில் வாங்கினால் பொருள் வந்தபின் பணம், திருப்பி அனுப்பும் வசதி, விற்பவரைப் பற்றிய மதிப்பீடு என்று சில பிடிமானங்கள் உண்டு. இங்கே அவற்றில் ஒன்றும் இல்லை. முன்பணம், முகம் தெரியாத எண், வாட்ஸ்அப் பேச்சு ஆகிய மூன்றையும் தவிர்க்கச் சொல்கிறது காவல்துறை. அந்த மூன்றும் இல்லாமல் வெளியூர்க்காரருக்குச் சிவகாசிச் சரக்கு வராது, நேரில் போனால் ஒழிய. 2025 அக்டோபர் 15 அன்று டெல்லி வட்டாரத்தில் சில நாட்களுக்குப் பசுமைப் பட்டாசை அனுமதித்தபோதும் இணைய விற்பனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் மறுபடி சொன்னது. தடை நீடிக்கட்டும், ஆனால் அந்தத் தடைக்கு அடியில் நடக்கிற வியாபாரத்தைக் கண்ணுக்குத் தெரியாததாகப் பாவிப்பது வாங்குகிறவரையும் விற்கிறவரையும் ஒருசேரக் கைவிடுவது.

விற்கிறவர் படும் பாடு வெளியே அதிகம் தெரிவதில்லை. தீபாவளி மாதத்தில் ஒரு நடுத்தரக் கடைக்கு முன்பின் தெரியாத ஆட்களிடமிருந்து யூபிஐ வழியாகப் பணம் வந்து குவிகிறது. அதில் ஒருவர் அனுப்பியது வேறு யாரிடமோ மோசடி செய்த பணமாக இருந்தால், எங்கோ ஒரு மாநிலத்தில் பதிவான புகாரின் பேரில் இந்தக் கடைக்காரரின் கணக்கு முடக்கப்படுகிறது. பட்டாசைக் கட்டி அனுப்பியவர் வங்கி வாசலில் நிற்கிறார். "நான் சரக்குத்தானே அனுப்புனேன் அண்ணாச்சி, எம் மேல என்ன தப்பு?" என்று கேட்பவருக்கு மேலாளரிடம் பதில் இருக்காது. புகாரில் உள்ள தொகையை மட்டும் நிறுத்திவைக்க வேண்டும், முழுக் கணக்கையும் முடக்கக் கூடாது என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வங்கியில் பேசத் தெரிந்தவர்கள் குறைவு. கணக்கு முடங்கிய அனுபவம் உள்ள கடைக்காரர் "யூபிஐயே வேண்டாம், ரொக்கமாக் கொடுங்க" என்று சொன்னால், அவரைப் பழமைவாதி என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அடுத்தது ஓடிபி. பத்து வருடப் பிரசாரத்தில் மக்கள் மனதில் ஆழமாகப் பதிந்த வாக்கியம் ஒன்று உண்டு: ஓடிபியை யாருக்கும் சொல்லாதே. அது நன்றாகவே பதிந்திருக்கிறது. பட்டாசு ஆலையில் வேலை செய்யும் அக்காமார்களிடம் பேசினால் "ஓடிபி கேட்டா போனை வச்சிருவேன்" என்று சொல்வார்கள். சிக்கல் என்னவென்றால், ஓடிபியைக் காப்பதுதான் பாதுகாப்பு என்று அது சுருங்கிவிட்டது. ஓடிபி சொல்லவில்லை, ஆகவே ஒன்றும் ஆகாது என்ற தைரியம் வந்துவிட்டது.

மோசடி இப்போது ஓடிபியைக் கேட்பதில்லை. வாட்ஸ்அப்பில் ஏபிகே என்று முடியும் கோப்பு ஒன்று வருகிறது. பிஎம் கிசான் உதவித்தொகை என்றோ, போக்குவரத்து அபராதம் என்றோ, கல்யாணப் பத்திரிகை என்றோ பெயர் இருக்கும். தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போன் முன்பே சிக்கியிருக்கும். தொட்டால் நிறுவவா என்று கேட்கும், குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்கும். அனுமதி கொடுத்த பிறகு ஓடிபியை நீங்கள் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அது வந்த நொடியில் அந்தச் செயலியே படித்து அனுப்பிவிடும். திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்லி, வங்கி ஊழியர் போலப் பேசி, நீங்கள் தட்டுவதை எல்லாம் பார்ப்பது இன்னொரு முறை. யூபிஐயில் பணம் வாங்குவதற்கு ரகசிய எண் (பின்) போட வேண்டியதில்லை, அனுப்புவதற்குத்தான் போட வேண்டும் என்பதை எவ்வளவு சொல்லியும் குழப்பம் தீரவில்லை. பணம் வருகிறது என்று சொல்லிப் பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்பி ஏமாற்றியது அதனால்தான் சுலபமாக நடந்தது. இதில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. தனிநபர் ஒருவர் இன்னொரு தனிநபரிடம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் தேசிய கொடுப்பனவுக் கழகம் நிறுத்திவிட்டது. கோடிக்கணக்கான பேருக்கு அறிவுரை சொல்லித் தீராத ஒன்றை ஒரு பொத்தானை எடுத்ததன் மூலம் தீர்த்தார்கள். பாதுகாப்பு வேலை இப்படித்தான் நடக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு நிலையைச் சொல்ல வேண்டும். பட்டாசு ஆலைக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது, வெடிமருந்து இருக்கும் இடத்தில் அது ஆபத்து. வீட்டில் வைத்துவிட்டோ வாசலில் கொடுத்துவிட்டோதான் உள்ளே போகிறார்கள். பகல் முழுவதும் போன் பிள்ளைகள் கையில் இருக்கிறது. விளையாட்டுச் செயலியும் அதில்தான், ஆன்லைன் பாடமும் அதில்தான், கூலி வருகிற வங்கிக் கணக்கும் அதில்தான். பணம் போனது என்ற குறுஞ்செய்தியைச் சாயங்காலம் வேன் இறங்கிய பிறகுதான் பார்க்க முடியும். 1930 என்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிட்டால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம், நேரம் போகப் போக அது பல கணக்குகள் தாண்டிவிடும். ஆகவே அந்த முதல் சில மணி நேரம் என்பது ஆலையில் மருந்து செலுத்திக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு இல்லாத நேரம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வங்கியின் குறையோ வாடிக்கையாளரின் குறையோ இல்லாமல் வெளியார் செய்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. இந்த விதியை ஓடிபி எச்சரிக்கையைப் போல ஊரெங்கும் எழுதிப்போட்டிருக்க வேண்டும். எழுதிப்போடவில்லை. எச்சரிக்கை எல்லாருக்கும் தெரிகிறது, உரிமை யாருக்கும் தெரியவில்லை.

"நம்மகிட்ட என்ன இருக்கு, எடுத்துட்டுப் போகட்டும்" என்பது இன்னொரு பரவலான பேச்சு. வறுமையைச் சொல்லிக்கொள்ளும் நேர்மையான வாக்கியம்தான் அது, ஆனால் தவறானது. மோசடிக்காரருக்குக் காலிக் கணக்கும் வேண்டியிருக்கிறது. திருடிய பணத்தைக் கைமாற்றி எடுக்க வேறு ஆளின் பெயரில் கணக்கு தேவை. மாதம் ஒரு தொகை தருகிறேன், பாஸ்புக்கையும் ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் கொடு என்று கேட்டு வருகிறவர்களுக்கு இளைஞர்கள் கொடுத்துவிடுகிறார்கள். வழக்கு வரும்போது வருவது கணக்குக்காரர் வீட்டுக்குத்தான். வெளிநாட்டில் கணினி வேலை என்று அழைத்துப் போய் மோசடி மையங்களில் உட்காரவைத்த கதைகளும் நம் ஊர்ப்பக்கம் தெரிந்தவைதான். 2022 அக்டோபரில் மியான்மரிலிருந்து மீட்கப்பட்டுச் சென்னையில் வந்திறங்கிய தமிழர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

மோசடிக்காரருக்கு எங்கள் பெயர் எப்படித் தெரிந்தது என்ற கேள்விக்கு விடை நம் போனில் இல்லை. 2024இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராம் வழியாகக் கிடைத்ததை ராய்ட்டர்ஸ் வெளிக்கொண்டு வந்தது. மூன்று கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரம் தன்னிடம் இருப்பதாக அதை வெளியிட்டவர் சொன்னார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஒருவர் எத்தனை கவனமாக இருந்தாலும் இப்படிப்பட்ட கசிவிலிருந்து அவர் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர இன்னும் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். இந்த இடைவெளியில் ஜாக்கிரதையாக இருங்கள் என்று மக்களிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது நியாயமாகப் படவில்லை.

இனி அச்சகம். சிவகாசிக்குப் பட்டாசு, தீப்பெட்டி போலவே அச்சும் உயிர். காலண்டர், பட்டாசு லேபிள், நோட்டு அட்டை, டைரி எல்லாம் இங்கிருந்து நாடெங்கும் போகிறது. ஆஃப்செட் எந்திரத்தை இறக்குமதி செய்து நிறுத்தியிருக்கிற அச்சகத்தின் பக்கத்து அறையில், டிடிபி ஆபரேட்டரின் மேஜையில், பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும். அதில் எப்போதோ யாரோ போட்டுக்கொடுத்த கோரல்டிராவும் ஃபோட்டோஷாப்பும் இருக்கும், அப்டேட் அணைக்கப்பட்டிருக்கும். ஏன் என்று கேட்டால் அவர் சொல்கிற காரணம் உறுதியானது. பத்து வருடக் காலண்டர் வடிவங்கள் எல்லாம் யூனிகோடுக்கு முந்திய தமிழ் எழுத்துருக்களில் இருக்கின்றன. புது விண்டோசில் அந்தப் பழைய விசைப்பலகை மென்பொருள் ஓடாது, புதுப் பதிப்பில் பழைய கோப்பைத் திறந்தால் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். ஐப்பசியில் காலண்டர் வேலை தலைக்கு மேல் இருக்கும்போது "அப்டேட் போட்டு எவன் மாட்டுறது தம்பி" என்கிறார். அப்டேட் போட்டால் போன் மெதுவாகிவிடும் என்று மற்றவர்கள் சொல்வதும் இதே வகை. அதிலும் உண்மை இருக்கிறது. பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அப்டேட்டால் போன்களை மந்தமாக்கியதற்காக 2018இல் இத்தாலி ஆப்பிளுக்கும் சாம்சங்குக்கும் அபராதம் போட்டது.

ஆனால் இந்தக் கருத்துக்கு எதிரே வைக்க வேண்டிய நிகழ்வுகளும் இருக்கின்றன, அவையும் நமக்குப் பக்கத்தில் நடந்தவை. வானாக்ரை என்ற பணயத் தீநிரல் 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பத்தனம்திட்டையிலும் வயநாட்டிலும் ஊராட்சி அலுவலகக் கணினிகள் பூட்டிக்கொண்டன. பன்னாட்டு நிறுவனங்களைத் தாக்கிய அதே நிரல் கிராம ஊராட்சியையும் விடவில்லை, ஏனென்றால் அது ஆள் பார்த்து வருவதில்லை. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் இணையத் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்று அக்டோபர் 29 அன்று மறுத்தார்கள். மறுநாளே, நிர்வாகப் பணிக்கான இணையத்தோடு இணைந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்தது உண்மைதான், உலைக் கட்டுப்பாட்டோடு அதற்குத் தொடர்பில்லை என்று அணுசக்திக் கழகம் சொன்னது. நிர்வாகக் கணினியும் உலையும் தனித்தனியாக இருந்ததே காப்பாற்றியது. அச்சக ஆபரேட்டருக்கு நான் சொல்வதும் அதைத்தான். பழைய எழுத்துரு ஓடுகிற கணினியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அதை இணையத்திலிருந்து கழற்றிவிடுங்கள், மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வேறு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்புகளை வாரம் ஒரு முறை தனி ஹார்ட் டிஸ்கில் எடுத்து அலமாரியில் பூட்டுங்கள். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கும் இலவச ஆதரவு முடிந்துவிட்டது, எனவே இந்தக் கேள்வி இனிப் பழைய கணினிக்காரர்களோடு நிற்காது. திருட்டு மென்பொருள் விஷயத்தில் விலைதான் பிரச்சினை, ஒழுக்கம் அல்ல. ஆனால் உரிமத்தை உடைத்துக் கொடுக்கிற அந்தச் சிறு நிரலை ஓட்டுவதற்காக ஆன்டிவைரசை அணைக்கச் சொல்வார்களே, அந்த நிமிடத்தில் உள்ளே என்ன வருகிறது என்று பார்க்க ஆளில்லை.

தொழில்நுட்பச் செய்தி என்று வருவதைப் பற்றியும் பேச வேண்டும், அதிலும் பட்டாசு ஊருக்குத் தனி அக்கறை இருக்கிறது. தீபாவளி தோறும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற படம் ஒன்று உண்டு: தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து நாசா எடுத்த இந்தியா, பல நிறத்தில் ஜொலிப்பது. அது தீபாவளிப் படம் அல்ல. அமெரிக்க வளிமண்டல ஆய்வு நிறுவனத்தின் கிறிஸ் எல்விட்ஜ், ஆண்டுகள் போகப் போக நகர விளக்குகள் எப்படிப் பெருகின என்று காட்ட 2003இல் உருவாக்கிய கூட்டுப் படம் அது. வெள்ளை நிறம் 1992க்கு முந்திய விளக்குகள், நீலமும் பச்சையும் சிவப்பும் முறையே 1992, 1998, 2003இல் புதிதாகத் தெரிந்தவை. 2012 நவம்பர் 12 இரவில் எடுத்த உண்மைப் படத்தை நாசாவே வெளியிட்டு, பட்டாசு வெளிச்சம் வானிலிருந்து பார்த்தால் தெரியாத அளவுக்கு மெலிதாகத்தான் இருக்கும் என்று சொன்னது. நம் ஊர் உழைப்பு விண்வெளி வரை தெரிகிறது என்று பெருமையோடு அதை அனுப்புகிறவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் படம் பொய்.

இன்னொன்று இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது. சீனா நம் நாட்டில் ஆஸ்துமா வர வைக்க நச்சு கலந்த பட்டாசுகளை அனுப்பியிருக்கிறது, உள்துறை அதிகாரி எச்சரிக்கிறார் என்ற செய்தி. அப்படி ஓர் எச்சரிக்கை இல்லை என்று மத்திய அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு சொல்லியிருக்கிறது. சீனப் பட்டாசின் கள்ள இறக்குமதி சிவகாசிக்குப் பெரும் கேடு என்பது வேறு விஷயம், உண்மையான விஷயம். அதற்காக நமக்குச் சாதகமான பொய்யை நாமே பரப்பினால், பட்டாசைப் பற்றி நமக்கு எதிராகப் பரவும் பொய்யை மறுக்கும்போது நம்மை யார் நம்புவார்கள்? இந்த இடத்தில் ஊர்க்காரர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு.

போன் நாம் பேசுவதை ஒட்டுக் கேட்டு விளம்பரம் காட்டுகிறது என்பதை ஏறக்குறைய எல்லாரும் நம்புகிறார்கள். 2018இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தார்கள். ரகசியமாக ஒலியைப் பதிந்து அனுப்பிய செயலி எதுவும் அகப்படவில்லை, திரையைப் பதிந்து அனுப்பிய சில அகப்பட்டன. நாம் எங்கே போகிறோம், யாரோடு ஒரே வைஃபையில் இருக்கிறோம், எதைத் தேடுகிறோம் என்பதிலிருந்தே அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. ஆகவே பயம் சரி, காரணம் வேறு. வாட்ஸ்அப்பில் மூன்று டிக் வந்தால் அரசு பார்க்கிறது என்பது வெறும் வதந்தி, அதைக் கடந்து போய்விடலாம்.

அரட்டை செயலியைக் கடந்து போக முடியாது. ஜோஹோ நிறுவனம் பக்கத்து மாவட்டமான தென்காசியில் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்து நம் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கிற நிறுவனம். அந்த நிறுவனம் 2021இல் கொண்டுவந்த அரட்டையில் 2025 செப்டம்பர் கடைசியில் திடீரென்று ஆள் சேர்ந்தபோது, நாளுக்கு மூவாயிரமாக இருந்த புதுப் பதிவு மூன்றே நாளில் மூன்றரை லட்சம் ஆனது என்று ஜோஹோ நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு எழுதினார். "நம்ம ஊர் ஆப், தகவல் நம்ம நாட்டுலயே இருக்கும்" என்று இங்கே பலரும் மாறினார்கள். அந்தச் சமயத்தில் அழைப்புகளுக்கு முனைக்கு முனை மறையாக்கம் இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. வாட்ஸ்அப்பில் அது 2016 முதலே இருக்கிறது. தகவல் எந்த நாட்டில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி, அதை யாரால் படிக்க முடியும் என்பது வேறு கேள்வி. ஜோஹோ மீது எனக்கு மதிப்பு உண்டு, அதனால்தான் இரண்டாவது கேள்வியை அவர்களிடம் விடாமல் கேட்க வேண்டும் என்கிறேன்.

கடைசியாகப் பட்டாசுப் பெட்டியிலேயே ஒட்டியிருக்கும் தொழில்நுட்பம். நாக்பூரில் உள்ள நீரி ஆய்வகம் உருவாக்கிய பசுமைப் பட்டாசு 2019 அக்டோபரில் அறிமுகமானபோது, போலியைத் தடுக்க பெட்டியில் பச்சை இலச்சினையும் க்யூஆர் குறியும் வைத்தார்கள். வாங்குகிறவர் ஸ்கேன் செய்து பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே போலி க்யூஆர் குறிகளைப் பற்றிப் பேச வேண்டி வந்தது. க்யூஆர் குறி என்பது வெறும் படம், படத்தை அச்சடிப்பதில் இந்த ஊரை மிஞ்ச ஆளில்லை. ஒரு பெட்டியின் குறியைப் படமெடுத்து ஆயிரம் பெட்டியில் அடித்தாலும் ஸ்கேன் செய்தால் உண்மை என்றே காட்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் வெவ்வேறு எண் கொடுத்து, அது எத்தனை முறை, எங்கே ஸ்கேன் ஆனது என்பதைக் கணக்கில் வைத்தால்தான் போலி பிடிபடும். க்யூஆர் இருக்கிறது, ஆகவே உண்மை என்று நினைக்கும் பழக்கத்தை இந்த ஏற்பாடு வளர்த்துவிட்டது. கடை வாசலில் ஒட்டிய பணம் செலுத்தும் குறியின் மேல் வேறொருவர் தன் குறியை ஒட்டிவிட்டுப் போகிற மோசடிக்கும் அதே பழக்கம்தான் வழிவிடுகிறது.

வங்கிகள் விஷயத்தில் வேறு வழி பிடித்தார்கள். 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்து, அந்த ஆண்டு அக்டோபர் கடைசிக்குள் எல்லா வங்கிகளின் தளங்களும் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்றது. அந்த வால் வங்கி அல்லாத யாருக்கும் கிடைக்காது. வாடிக்கையாளர் எழுத்துப்பிழை தேட வேண்டாம், முகவரியின் கடைசியை மட்டும் பார்த்தால் போதும். பட்டாசு வியாபாரத்துக்கு இப்படி ஒன்றைச் செய்ய என்ன தடை? வேறு எந்தச் சில்லறை வியாபாரத்தையும்விட இங்கே உரிமம் கண்டிப்பானது. நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டிஆர்ஓ லைசென்ஸ் என்று ஆலைகளை ஊரே தரம் பிரித்துப் பேசுகிறது. விற்கும் கடைக்கும் உரிமம் உண்டு, எண் உண்டு, முகவரி உண்டு. வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் அந்த விவரங்கள் இருக்கின்றன. கடையின் பெயர், உரிம எண், கடைக்காரர் பணம் வாங்கும் வங்கிக் கணக்கின் பெயர், கடையின் தொலைபேசி எண் ஆகிய நான்கையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் தேடிப் பார்க்கிற மாதிரி விருதுநகர் மாவட்ட நிர்வாகம் ஒரே பக்கத்தில் போடலாம். யூபிஐயில் பணம் அனுப்பும் முன் எதிராளியின் வங்கிக் கணக்குப் பெயர் திரையில் தெரியும். பட்டியலில் உள்ள பெயரோடு அதை ஒத்துப்பார்த்துவிட்டு அனுப்பலாம். இது இணைய விற்பனை ஆகாது, நீதிமன்ற உத்தரவோடு மோதாது, புது மென்பொருள் ஒன்றும் எழுத வேண்டியதில்லை.

இதற்கு வருகிற ஆட்சேபம் எனக்குத் தெரியும். கணக்குப் பெயரை வெளியிட்டால் வரித்துறை பார்க்கும் என்று சில கடைக்காரர்கள் தயங்குவார்கள், உரிமம் இல்லாமல் வீட்டில் சரக்கு வைத்து விற்கிறவர்கள் எதிர்ப்பார்கள். இரண்டாவது கூட்டம் எதிர்ப்பது நல்லதே. முதல் கூட்டத்தின் தயக்கத்துக்கு, கணக்கு முடங்கி நிற்கிற சக வியாபாரியே பதில். உரிமம் பெற்ற கடையின் கணக்கு என்று முன்கூட்டியே பதிவாகியிருந்தால், எங்கோ பதிவான புகாருக்காக அதை மொத்தமாக முடக்கும் முன் வங்கியும் காவல்துறையும் ஒரு முறை கூப்பிட்டுக் கேட்க இடமிருக்கும். உற்பத்தியாளர் சங்கங்களும் வியாபாரிகள் சங்கங்களும் ஆட்சியர் அலுவலகத்தில் அடிக்கடி ஒன்றாக உட்காருகிறார்கள், பெரும்பாலும் விபத்துக்குப் பின்னோ பேரியத் தடை பற்றியோ. அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதையும் ஒரு பொருளாக வைக்க வேண்டும், சீசன் தொடங்கிய பிறகு அல்ல, சரக்கு குறைவாக ஓடும் மாசி, பங்குனியிலேயே.